கித்துல்கல ஆற்றில் ராசையா இறக்கிய கம்பு

இதனை எழுதியே தீரவேண்டிய நிலை சென்ற மாதம் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் சிங்களத் திரைப்படங்களில் சண்டை நாயகனாகப் பெயர்பெற்றிருந்த ஒருவர் எஹலியகொடைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் காலமானார். கைபேசியில் வந்த சிங்கள இரங்கற் குறிப்பை என் மருமகன் வாசித்துப் பொருள் சொன்னார். மதுவினால் அழிந்த மாவீரன் என்பது அதன் தலைப்பு. போதையில் தடுமாறி ஆற்றில் விழுந்து முடமானார் என்று இரண்டே வரியில் ஒரு வாழ்வை முடித்திருந்தனர். எழுதியவர் அன்று அந்த ஆற்றங்கரையில் நின்றவரல்லர். நான் நின்றேன். எண்பதைக் கடந்துவிட்டேன், இனியும் தாமதிப்பது முறையன்று.

திரையில் அவனுக்கு இட்ட சிங்களப் பெயரை நான் ஒருநாளும் சொல்லி அழைத்ததில்லை. அவன் ராசையா. என்னிலும் இளையவனாதலின் அவன் என்றே எழுதுகிறேன்.

குறிப்போடிருந்த படத்தில் வெற்று மார்புடன் நிற்கிறான். அதனைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது புகையின் நெடி. இறப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்களின் தலைமுடியில் அந்நெடி ஊறிவிடும்; கொழும்பிலிருந்து வாசனைத் தைலம் பூசி வந்த நாள்களிலும் ராசையாவிடம் அது அடியில் கிடந்தது. வடக்கிலிருந்து அத்தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியனாக நான் வந்த முதல் வாரம், அவனுடைய தாய் பேச்சியம்மாளிடம், “பருகுதற்கு நீர் கிடைக்குமா?” என்று வினவினேன். அவள் மகனைப் பார்த்து, “மாஸ்டர் கோயில்ல பாடுற மாதிரி பேசுறாருடா, என்னா வேணுமாம்?” என்றாள். தூய தமிழால் தாகம் தீராது என்பதை அன்றே அறிந்தேன், ஆயினும் திருந்தவில்லை.

மாரியம்மன் திருவிழாவில் அவர்கள் கம்பு விளையாடும் முறை தனியானது. கம்பின் நுனியில் புகைக்கூடத்துக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவர். எதிராளியின் நுனி உடம்பைத் தொட்டால், தொடப்பட்டவன் அக்கணமே கம்பை இறக்கி, குனிந்து மண்ணைத் தொட்டு, “பட்டுச்சு” என்று சொல்லவேண்டும். நடுவர் எவருமிலர். வியர்வையில் கரி அழிந்துபோகும். பொய் சொல்ல வேண்டிய வசதியெல்லாம் உண்டு. ஒருவரும் சொன்னதில்லை. ராசையாவும், லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் அடுத்த வீட்டுக் குழந்தைவேலும் சிறுபிராயம் முதல் ஒருவரையொருவர் தொட்டும் இறக்கியும் வளர்ந்தவர்கள்.

தோட்டத்துரையின் பங்களாவில் படம் பிடிக்க வந்த ஒரு நிறுவனத்தார் அந்த விளையாட்டைக் கண்டு ராசையாவை அழைத்துச் சென்றனர். முதலில் அடிவாங்கி விழுபவர்களுள் ஒருவன். சில ஆண்டுகளில் அடித்து வீழ்த்தும் நாயகன். எஹலியகொடைக் கடைத்தெருவில் வளர்ந்தவனாதலின் அவனது சிங்களத்தில் குறை காண எவராலும் இயலவில்லை. கண்டியரசனின் படைத்தலைவர் பரம்பரை என்று ஒரு சஞ்சிகை எழுதியது. “எங்கப்பன் கங்காணிகிட்ட ஒதை வாங்குனாரு, இவனுங்க ராசாகிட்ட வாள் வாங்குனாருன்னு போட்டிருக்கானுங்க மாஸ்டர்” என்று என்னிடம் காட்டிச் சிரித்தான்.

ஒன்றுதான் அவனுக்குக் கைவரவில்லை. திரைச் சண்டையில் கம்பு தவறி மேலே பட்டால் அவன் கை தானாக இறங்கிவிடும். “மல்லி, பொல்ல பஹத் கரன்ட எப்பா” என்று, அதாவது தம்பி, கம்பை இறக்காதே என்று, இயக்குநர் கத்தியதை அவனே நடித்துக் காட்டியிருக்கிறான். படம்பிடிப்பவர்கள் தலையிலடித்துக்கொள்வார்களாம். நாங்களும் சிரித்தோம்.

மழைக்காலத்தில் இறப்பர்ப் பால்வெட்டு நின்றுபோகும். அத்தகைய ஒரு காலத்தில் குழந்தைவேலுக்கும் வேலை கேட்டு வாங்கி, கித்துல்கலையில் நடந்த படப்பிடிப்புக்கு அழைத்துச் சென்றான் ராசையா. விடுமுறை நாளாதலின் தோட்டத்து லொறியில் நானும் போனேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரம் அது. மணிக்கட்டின் மஞ்சள் கயிற்றை மறைக்க நாயகனுக்குத் தோற்பட்டை கட்டியிருந்தனர். நான் கொண்டுபோன கட்டுச்சோற்றில் கருவாடு இருந்தமையால் விரதமிருந்த அவன் அதனைத் தொடவில்லை. வெறுந்தேநீர் மட்டும் குடித்தான்.

ஆற்றின் நடுப்பாறையில் சண்டை. முன்னால் குழந்தைவேல், பின்னால் கொழும்பிலிருந்து வந்த சண்டைக்காரர். பின்னவர் ஓங்கி வீச, ராசையா தன் கம்பால் அதனைத் தடுத்துத் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு. குழந்தைவேலின் கால் பாசியில் வழுக்கியது. கம்பின் நுனி ராசையாவின் தோளைத் தொட்டது. ராசையா கம்பை இறக்கி, பாறையைத் தொடக் குனிந்தான். தடுக்கப்படும் என நம்பி வீசிய அடி பிடரியில் விழுந்தது. கற்களுக்கிடையே மல்லாந்து கிடந்தவனைக் கண்டு கரையிலிருந்தோர் கைதட்டினர். நடிப்பன்று என்பதை முதலில் அறிந்தவன் குழந்தைவேல்.

“ஏன்டா எறக்குன? சினிமாடா இது, ஏன்டா எறக்குன?”

“பட்டுச்சுடா” என்றான் ராசையா. பின்னர் அவனுடைய கால்கள் அசையவேயில்லை.

ஏற்பாட்டை மீறியவன் தோட்டத்தானே, பொறாமையால் தாக்கினான் என்று நிறுவனத்தார் முறையிட, குழந்தைவேலைப் பொலிசார் கொண்டுபோயினர். அவன் உள்ளதைச் சொன்னான். தொட்டதற்காக எவனாவது சண்டையில் கம்பை இறக்குவானா என்று கேட்டு அவனை அடித்தனர். அந்நாள்களில் தோட்டத் தமிழன் ஒருவன் பொலிஸ் அறைக்குள் போனால் முழு உடம்போடு மீள்வது உறுதியில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்து வினவியவர்களிடம் ராசையா, தான் குடித்திருந்ததாகவும், நிலைதடுமாறித் தானே குனிந்ததாகவும், குழந்தைவேலின் கம்பு தன்மீது படவேயில்லை என்றும் கூறினான். மாலையில் குழந்தைவேலை விட்டுவிட்டனர். நிறுவனத்தாரும் அத்துடன் கைகழுவினர். அவன் விழுந்த காட்சியை மட்டும் படத்தில் வைத்துக்கொண்டனர்.

காப்புக் கட்டியவன் குடித்தான் என்ற செய்தி லொறிக்கு முன்பே தோட்டத்தை எட்டியிருந்தது. கோயிலில் அவன் குடும்பத்துக்குரிய முறை நீக்கப்பட்டது. கட்டிலோடு கிடந்தவனைப் பேச்சியம்மாள் கழுவினாள், ஊட்டினாள். நெற்றியில் திருநீறு இட மறுத்தாள். “ஆத்தா குடுத்த தண்டனைங்க மாஸ்டர். பெத்தவ, அதனால பாத்துக்கிறேன். அவளுக்கு மேல போயி நான் மன்னிக்க முடியுங்களா?” என்றாள்.

அவள் வெளியே சென்றபின் ராசையாவிடம் கேட்டேன். தேநீரைத் தவிர அவன் வாயில் எதுவும் படாததை நான் அறிவேனே.

“அம்மாகிட்ட மட்டுமாவது சொல்லலாமே ராசையா.”

“அது கோயில்ல போயி விழுந்து கத்தும் மாஸ்டர். லயத்துக்குத் தெரிஞ்சா ஸ்டேசனுக்கும் தெரியும். கொழந்தைவேல திரும்பப் புடிப்பாங்க. நான் இருக்கிற வரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க.”

குழந்தைவேல் அந்த ஆண்டே ஒருவரிடமும் சொல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனான். பேச்சியம்மாள் மகனுக்கு ஒரு தடவையேனும் திருநீறு இடாமலே இறந்தாள். அதற்குப் பின்னரும் ராசையா நெடுங்காலம் கிடந்தான். தங்கையின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டனர். இப்போது அந்த லயன் வரிசை இல்லை. இறப்பர் மரங்களை வெட்டி, முள்ளுத்தேங்காய் எனப்படும் எண்ணெய்ப்பனை நட்டுவிட்டனர். புகைக்கூடத்தின் கூரைத்தகடுகளை ஏலத்தில் விற்றனர். நடுப்பாறையைச் சுற்றி வெளிநாட்டார் படகோட்டுகின்றனர்.

திருவிழா நடந்த மாதம், பாறையில் நின்றவர் தொகை, பொலிசார் வந்த நேரம் ஆகியவற்றில் என் நினைவு பிழைத்திருக்கக்கூடும். அறிந்தோர் திருத்தியுதவ வேண்டுகிறேன். குழந்தைவேல் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்ததாகச் சிலரும், கடல் கடந்து இராமநாதபுரம் போய்விட்டதாகச் சிலரும் கூறுவர். இரண்டையும் நான் உறுதிப்படுத்தவில்லை. அவன் உயிரோடிருப்பின், இவ்வெழுத்தில் எந்த வரியையும் அடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அவனுக்கு வாசிக்க வராது. அருகிலிருப்போர் வாசித்துக் காட்டுக.