பேக்கப்பில் கிடைத்த ஒத்திகை

போன் ரிப்பேர்காரரைக் கடைத்தெருவே ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். செத்த போனின் பேக்கப்பைத் திறந்து, கேட்ட படத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். மற்றதை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அப்பேர்ப்பட்ட யோக்கியர், மனைவியின் போன் தண்ணீரில் விழுந்ததும், அவள் கேட்ட போட்டோவோடு நிற்காமல், நம் வீட்டுப் போன்தானே என்று குரல் பதிவுகளையும் திறந்துவிட்டார்.

எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. “ஏங்க, அம்மாவப் பாத்துட்டு வரட்டுமா?” ஒன்றில் குரல் நடுங்கியது, அடுத்ததில் வரவழைத்த சிரிப்பு. அவரிடம் கேட்கத்தான் ஒத்திகை பார்த்திருக்கிறாள். போன வாரம் அவள் கேட்டபோது தான் எரிந்து விழுந்தது நினைவுக்கு வர, கூனிக் குறுகிப் போனார்.

“போட்டோ கிடைச்சுதாங்க?” அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“உங்கம்மாவப் பாத்துட்டு வாம்மா” என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அதட்டல் போலவே இருந்தது. மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.