லிட்டருக்குப் பதினோரு கிலோமீட்டர்

எங்கள் கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தபோதே, அவர் யாரைச் சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தம்பியைத்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, பங்குனியிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தான். அவன் மனைவி மாசமாக, தாய்வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்கக் குள்ளஞ்சாவடிக்கு எங்கள் காரில்தான் போய் வருவான்.

"லிட்டருக்குப் பதினேழு குடுத்த வண்டி. உன் தம்பி வந்தப்புறம் பதினாலுகூடத் தேறல. எங்கயாச்சும் பெட்ரோல உருவி விக்கிறானோ என்னமோ. வேற ரூம் பாத்துக்கச் சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடக் கொடுமை, ஒருவேளை இருக்குமோ என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியதுதான். அவனிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். சே, கூடப் பிறந்தவனிடம் எந்த வாயால் கேட்பது? உட்கார்ந்துவிட்டேன்.

"வாய்க்கு வந்தத பேசாதீங்க. கணக்குப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்றேன்.

அது ஒன்றும் பெரிய கணக்கில்லை. டேங்க்கை முழுக்க நிரப்பி, மீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டிவிட்டு அதே பெட்ரோல் பங்க்கில் மறுபடி முழுக்க நிரப்ப வேண்டும். இரண்டாம் தடவை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதுதான் செலவு. ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் தீர்ந்தது. ஒரு வாரம் தம்பி மட்டும் வண்டியை எடுப்பது, இவர் கம்பெனி பஸ்ஸில் போவது. அடுத்த வாரம் இவர் மட்டும் எடுப்பது என்று நானே ஏற்பாடு செய்தேன். தம்பியிடம் காரணம் சொல்லவில்லை.

தம்பியின் வாரம் நூற்று ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்பது லிட்டர். பதினேழு! அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை. இவருடைய வாரம் நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு லிட்டர். போனை எடுத்து இவரே வகுத்துப் பார்த்தார். பதினொன்றுதான் வந்தது.

"வண்டிய அப்படி என்னதான் பண்றீங்க?"

"என்னத்த பண்றேன்? ஷிப்ட் முடிஞ்சா, கூட வேல செய்யறவங்க மூணு பேரு, நானு, நாலு பேரும் ஒண்ணா வரோம். கடைசி ஆளு குளிச்சிட்டு வர முக்கா மணி நேரமாவுது. அதுவரைக்கும் வண்டியில உக்காந்துகினு இருப்போம்."

"ஏசி போட்டுகினா?"

"பின்ன? கண்ணாடிய எறக்குனா நிலக்கரித் தூசு மூஞ்சியெல்லாம் அப்பிக்கும். குளிச்சதே வீணாப் பூடும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். நின்ற வண்டிக்குக் கிலோமீட்டர் ஏறாது, பெட்ரோல் மட்டும் எரியும். வெயில் தாங்கவில்லையென்று இவர் பைக்கை விட்டுக் காரில் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அதே பங்குனியில்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். "நாளைக்கு வண்டிய எடுத்துகினு போய் அவளப் பாத்துட்டு வாடா" என்றேன்.

தம்பி தலையை நிமிர்த்தவில்லை. "மாமா பேசுனது அன்னிக்கே காதுல வுழுந்துச்சுக்கா. நீ வந்து கேட்டுட்டா கெளம்பிடலாம்னு பார்த்துகினே இருந்தேன். நீ கடைசி வரைக்கும் கேக்கவேயில்ல."