மதிவதனியின் பழைய பெட்டி

மதிவதனிக்குக் கோபம் வர அதிகம் ஒன்றும் வேண்டாம். 'பழசு' என்று யாராவது சொன்னால் போதும். அவளுடைய கம்ப்யூட்டரைச் சொன்னார்களா, கடையைச் சொன்னார்களா, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத அவளையே சொன்னார்களா என்றெல்லாம் நின்று விசாரிக்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வரும்.

"பழசுன்னா என்ன இப்போ, ஓடலையா?"

திருவிடைமருதூருக்குத் தெற்கே, பஸ் நிற்கும் முக்கில், டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நசுங்கினாற்போல் இருக்கிறது அவளுடைய ஆன்லைன் சேவைக் கடை. ஒரு மேசை, இருமிக்கொண்டே அச்சடிக்கும் பிரிண்டர், சில பிளாஸ்டிக் நாற்காலிகள், அப்புறம் அந்த டெஸ்க்டாப். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டியதை ஏலத்தில் எடுத்து வந்தாள். அவள் பி.சி.ஏ. படித்தவள். படித்து முடித்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். சில வருடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "எவனோ பண்ணுன தப்புக்கு நாள் பூரா நான் சாரி சொல்லணுமாம். வாய் தேஞ்சு போச்சு" என்றாள்.

அவளுடைய அப்பா இராஜாங்கமும் அம்மா அம்சமும் ஊர் நிலக்காரர் பஞ்சநதத்தின் வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள். இப்போது அதே வயல்களில் கொஞ்சத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போடுகிறார்கள். கூலி குத்தகையாகிவிட்டது, ஆனால் இராஜாங்கத்தின் உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பஞ்சநதம் வீட்டு ஆள் யார் எதிரே வந்தாலும், சின்னப் பையனாகவே இருந்தாலும், உட்கார்ந்திருக்கிற மனுஷன் தானாக எழுந்து நின்றுவிடுவார். மகளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பஞ்சநதத்தின் மகன் பிரபு சிங்கப்பூரில் இருந்து திரும்பி வந்து, மதிவதனியின் கடைக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு சேவை மையம் திறந்தான். புத்தம் புதுக் கம்ப்யூட்டர்கள். ஆனால் குத்தகைக்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பயிர்க் காப்பீடு பதிவு செய்ய அடங்கலோடு போனால், "எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?" என்பான் பிரபு. எந்த வயலில் யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலரே எழுதிக் கொடுத்ததுதான் அடங்கல், அதற்குமேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நின்று அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லாமலேயே வேலை நடக்கிற இடம் மதிவதனியின் கடை.

பிரபுவுக்கு அது உறுத்தியது. சண்டை போடும் ரகமில்லை அவன். சிரித்துக்கொண்டே ஒரு நாள் வந்தான்.

"மதி, இந்த ஓட்டை உடைசலைக் கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படுற? கடையை மூடிட்டு நம்ம சென்டருக்கே வந்துடு. மாசச் சம்பளம், ஏசி ரூம். உன்கிட்ட வர்ற ஜனமும் உன்கூடவே வந்துடும்."

கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது. மதிவதனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பெட்டி நிஜமாகவே படுத்தியது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால் பழைய கம்ப்யூட்டரும் பறக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, தஞ்சாவூர் போய் ஜாஃபர் சாதிக் பாய் கடையில் ஒன்று வாங்கி வந்தாள். சிகரெட் பெட்டியைவிடச் சின்னது. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, கடையில் ஊதுபத்தி ஏற்றி, அவர்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் செய்கிற மாதிரி டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் உள்ளே மாட்டினாள். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினாள்.

முதலில் பறக்கத்தான் செய்தது. அம்சம்கூட வந்து பார்த்துவிட்டு, "என்னடி, தொடுறதுக்குள்ள தொறக்குது" என்றாள். அடைமழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் போகப் போக வேகம் குறைந்தது. வேக சோதனை ஓட்டிப் பார்த்தால், தூக்கிப் போட்ட ஹார்ட் டிஸ்க்கே தேவலாம் என்றிருந்தது. காப்பீட்டுப் பதிவுக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் நிரம்பி, ஆட்கள் தாழ்வாரத்தில் குடையோடு நின்றார்கள். ஒரு பதிவு முடிவதற்குள் காப்பீட்டு இணையதளம் அவளை வெளியே தள்ளிவிடும். மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டொருவர் தயங்கித் தயங்கி எதிர்க் கடையைப் பார்த்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்த்தாள், பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வைரஸ் இருக்கிறதா என்று அலசினாள். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனால், டிஸ்க்கோடு பேசும் முறை பழங்காலத்து ஐ.டி.இ.யில் கிடந்தது. அதைப் புதிய முறைக்கு மாற்றினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போய்விடும் என்று இணையத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். சேஃப் மோடு வழியாகப் போய் மாற்றி, எழுப்பியும் காட்டினாள். வேகம் அப்படியே கிடந்தது. டிஸ்க்கைக் கேபிளோடு மதர்போர்டில் வேறொரு போர்ட்டுக்கு மாற்றினாள். ஊஹூம்.

பாய்தான் ஏமாற்றிவிட்டார் என்ற முடிவோடு டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

"பாய், டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டீங்களா?"

ஜாஃபர் சாதிக் டிஸ்க்கை வாங்கினார். எதையும் மாட்டுவதற்குமுன் துடைப்பது அவர் வழக்கம். முனையைத் துணியால் ஒரு துடை துடைத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். வேக சோதனை முள் எகிறியது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் மென்பொருளைத் திறந்து காட்டினார். எல்லாம் பச்சை.

"டிஸ்க்கு தங்கம்மா. உங்க பொட்டிதான் கிழடாயிடுச்சு. எத்தனை நாளைக்குத்தான் அதைத் தாங்கிப் பிடிப்பீங்க?"

"பொட்டி நல்லாத்தான் இருக்கு பாய். பழைய டிஸ்க்கு அதுல அதோட வேகத்துக்கு ஓடுச்சுல்ல?"

"அப்ப நீங்களே சொல்லுங்க, கோளாறு எங்க இருக்கு?"

 சொல்லத் தெரியவில்லை என்பதே அவளுக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது. அந்த மென்பொருளைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஊர் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, டீக்கடை வாசலில் பிரபு வண்டியில் உட்கார்ந்திருந்தான். எதிரே அவளுடைய அப்பா கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார். பெஞ்சு காலியாக இருந்தது.

"உங்க பொண்ணுகிட்ட நீங்களாவது சொல்லுங்க இராஜாங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் பிரபு. சிங்கப்பூர் அவனுக்கு 'ங்க' போடக் கற்றுக்கொடுத்திருந்தது. அப்பா வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மறக்கடிக்கவில்லை. அவளைப் பார்த்ததும், "திங்கக்கிழமை காலைல வர்றேன் மதி. ஒரு முடிவு சொல்லிடு" என்றான்.

வீட்டுக்கு நடக்கும்போது இராஜாங்கம் மெதுவாக ஆரம்பித்தார். "போயிடேம்மா. மழையில ஜனம் நின்னு நின்னு திரும்பிப் போவுது. ஏசி ரூமுன்னு வேற சொல்றாரு."

"அந்த ரூமுல நீங்க எங்கப்பா நிப்பீங்க?"

 கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு உடனே வலித்தது. கொஞ்ச தூரம் போய், "திங்கக்கிழமைக்குள்ள பொட்டி சரியாகலைன்னா நானே போறேன்பா. ஜனத்துக்குப் பயிரு முக்கியம்" என்றாள். சொல்லும்போதே வாய் கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையின் ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை கொட்டியது. டிஸ்க்கை மறுபடி மாட்டி, பாய் கொடுத்த மென்பொருளைத் திறந்தாள். இங்கேயும் பச்சைதான். ஆனால் ஒரே ஒரு வரியில் மட்டும் எண் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு பழுதாகி வந்து சேர்ந்த தடவைகளைக் கணக்கு வைக்கும் வரி அது. ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். எண் கூடியிருந்தது. இன்னொரு முறை நகலெடுத்தாள். இன்னும் கூடியது.

மதிவதனி நாற்காலியில் சாய்ந்தாள். ஆற்றில் தண்ணீர் போகிறது, வயல் காய்கிறது என்றால் அவர்கள் தெருவில் யாரும் ஆற்றையும் வைய மாட்டார்கள், வயலையும் வைய மாட்டார்கள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்குவார்கள். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் பிறந்து வளர்ந்தவள், இத்தனை நாளும் டிஸ்க்கையும் போர்டையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் கிடந்த அந்தச் சிவப்புக் கேபிளை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. போர்ட்டை மாற்றியபோதும் அதைத்தான் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தாள்.

அணைத்துவிட்டுக் கேபிளை உருவினாள். அதன் வாய்க்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

மெல்லிய உலோக நாக்குகளின்மேல் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நடுவில் ஒரு துளி சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம் மணத்தது.

அவளுக்குக் காது சூடேறியது. பம்புசெட் மோட்டாரோ, நெல் கொட்டுகிற குதிரோ, புதுப் பானையோ, எது வந்தாலும் அதன் வாயில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். டிஸ்க்கைக் கையில் எடுத்தவள் அதற்கு வாய் எங்கே என்று தேடியிருக்கிறாள். கேபிள் செருகுகிற அந்தப் பிளவு இருந்தது. பயபக்தியோடு அங்கேயே வைத்திருக்கிறாள். டிஸ்க்கில் இருந்ததைப் பாய் துடைத்துவிட்டார். கேபிளுக்குள் போனது அங்கேயே இருந்து, மழை ஈரத்தில் ஊறி, போகிற தரவையெல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. கெட்டதைத் திரும்ப அனுப்பு, திரும்ப அனுப்பு என்று கேட்டுக் கேட்டே கம்ப்யூட்டரின் பொழுது போயிருக்கிறது.

பி.சி.ஏ. முதல் வகுப்பு, என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

யாரும் சிடி கொண்டு வராத காலம். டிஸ்க்கின் முனையை நன்றாகத் துடைத்துவிட்டு, சிடி டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்த கேபிளை உருவி அதற்கு மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. பெரிய ஃபைலை நகலெடுத்தாள், அந்த வரியில் எண் அசையவில்லை. மறுபடி, மறுபடி செய்தாள். அசையவே இல்லை.

பாய்க்குப் போன் போட்டாள். "பாய், உங்க டிஸ்க்குல தப்பில்ல. டூப்ளிகேட்டுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா என் பொட்டியும் கிழடில்ல."

"அப்புறம் என்னதாம்மா?"

"கேபிளு வாயில சந்தனம் பாய். நான்தான் வச்சேன்."

 அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலையில், ஷட்டரை முழுக்கத் தூக்கியதும் அவள் செய்த முதல் வேலை, பெட்டியின் வெளித்தகட்டில், நெற்றி மாதிரி மேலே, பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் இட்டதுதான். விட்டுவிடுவாளா என்ன. வெளியே வைத்தால் எந்தத் தரவும் கெடாது.

ஜனம் வந்தது. அடங்கலை ஸ்கேன் செய்வாள், விவரம் அடிப்பாள், போனுக்கு வந்த எண்ணைக் கேட்பாள், ரசீதை நீட்டுவாள். தாழ்வாரத்தில் நின்ற குடைகள் ஒவ்வொன்றாக மடங்கி நகர்ந்தன. எதிர்க் கடையைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இராஜாங்கமும் வரிசையில் வந்தார். மகள் கடை என்று முந்திக்கொண்டு வரவில்லை, தன் முறைக்குத்தான் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். பஞ்சநதத்தின் நிலம், இராஜாங்கத்தின் சாகுபடி. திரையில் சாகுபடியாளர் என்ற இடத்தில் அவள் அப்பாவின் பெயரை அடித்தாள்.

அப்போது பிரபு உள்ளே வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். சிரிப்பை மட்டும் விடவில்லை.

"என்ன மதி, என்ன முடிவு பண்ணுன?"

இராஜாங்கத்தின் கைகள் நாற்காலியின் பிடியை ஊன்றின. முதுகு நிமிர்ந்து, உடம்பு பாதி எழுந்துவிட்டது.

"உக்காருங்கப்பா" என்றாள் மதிவதனி, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "உங்க போனுக்கு நம்பர் வந்திருக்கும். பார்த்துச் சொல்லுங்க." பிறகுதான் பிரபுவின் பக்கம் திரும்பினாள். "வேலைக்கு ஆள் வேணும்னுதானே கேட்டீங்க? எனக்கும் இங்க ஒரு ஆள் வேணும். ஒருத்தியால சமாளிக்க முடியல. யாராவது தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க."

வரிசையில் யாரோ செருமினார்கள். பிரபு கதவருகே நின்றுகொண்டே இருந்தான். அவனுக்குக் கொடுக்க நாற்காலி எதுவும் காலியாக இல்லை.

இராஜாங்கம் பாதி எழுந்த நிலையில் மகளைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, முழுசாக, நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, வந்திருந்த எண்களை ஒவ்வொன்றாக, கடைக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.