அக்கா உடைத்த விதை மல்லாட்டை

சிங்கவரத்தில் பிறந்து, செஞ்சிக் கடைவீதியில் மளிகைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அக்கா, இந்த ஆனியில் அரங்கன் அடி சேர்ந்தார்கள். உடன்பிறந்தோர் ஐவரில் மூத்தவர். எண்ணிப் பார்த்தால் இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவனே.

எங்கள் நைனாவின் கோபம் ஊரறிந்தது. ஒருநாள் அம்மாவை நோக்கி அவர் எறிந்த இரும்புப் படி, குறுக்கே வந்த அக்காவின் நெற்றியில் பட்டது. தழும்பைத் தந்தவரே கோபத்தையும் தந்திருந்தார். அக்காவுக்கும் அதே மூக்கு, அதே நடை. கோபம் வந்தால் அதே இடது கண் துடிக்கும். எனக்கு வந்ததெல்லாம் அம்மாவின் கவலைதான்.

ஆனால் அக்கா யார்மீதும் கை ஓங்கியதில்லை. கண் துடித்ததும் விதை மல்லாட்டை மூட்டையின் முன் அமர்ந்துவிடுவார்கள். விதைக்கு உடைக்கும்போது வேர்க்கடலைப் பருப்பின் சிவப்புத் தோல் கிழியக்கூடாது, கிழிந்தால் முளைக்காது. முதல் பிடியில் கிழியும். போகப்போகக் கை தணியும்.

“இன்னாமே, இன்னிக்கி எத்தினி படி?” என்று அவர் கணவர் எட்ட நின்று கேட்பார்.

“இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க, மூட்டையே காலியாயிடும்.”

மகன் வளர வளர அக்காவுக்கு ஒரே பயம். அவனுக்கும் அந்தக் கண் துடித்தது. கடையில் வாடிக்கைக்காரர் ஒருவர் பேசிய பேச்சுக்கு எடைக்கல்லைத் தூக்கிவிட்டான். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இது உங்க தாத்தா கைடா. எனக்கும் இதே கைதான். வா, குந்து.”

அன்று அவன் உடைத்ததில் பாதிக்குமேல் கிழிசல்.

“தம்பி, நான் போனப்புறம் இவன் குந்துவானாடா?” என்று என்னைத் தனியே கேட்டார்கள். நான் கிழிசல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்கா போனபின், பால் தெளிக்கக் கிளம்பிய காலையில் நான் ஆட்களை எண்ணுவதும் பாத்திரங்களை எண்ணுவதுமாக என் மருமகனான அக்கா மகனை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

“கொஞ்சம் வாய மூடிக்கினு இருக்கிறியா மாமா!”

கண் துடித்தது. கையில் பால் செம்பு. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். சற்றைக்கெல்லாம் மல்லாட்டை உடையும் சத்தம் கேட்டது.

படுக்கையில் அக்காவைப் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டுப் பெண்களுக்கும், சுமந்து சென்ற தோள்களுக்கும், தொண்டூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த சம்பந்திகளுக்கும் எங்கள் நன்றி. கருமாதியில் விதை கொடுக்கும் வழக்கமில்லைதான். ஆனாலும் இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு பிடி தருகிறோம். மருமகன் அன்று உடைத்தது. வழக்கம்போல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். முதலில் உடைத்த சில கிழிந்திருந்தன. அவற்றை நானே தின்றுவிட்டேன். மற்றவை முளைக்கும்.