சாம்பிராணி ஏறிய காப்பி

எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் எங்கள் கரடியூர்க் காப்பி இன்றைக்கும் பேர் ஊர் இல்லாமல் அடிவாரத்துக் குவியலில்தான் கிடந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழத்தைத் தோலோடு காயவைப்போம், மூட்டை கட்டுவோம், அடிவாரத்துக்கு இறக்கிவிடுவோம். அங்கே எல்லார் மூட்டையும் ஒன்றாகக் கொட்டப்படும். அதற்குமேல் அது எந்தக் கப்பலில் போனது, எந்தச் சீமையில் யார் குடித்தார்கள், சத்தியமாக எனக்குத் தெரியாது. நாங்கள் குடித்தது கழித்துப்போட்ட கறுப்புக் கொட்டையும் உடைசலும், சிக்கரி கலந்து, வெல்லம் போட்டு. நல்ல கொட்டை விற்பதற்கு. அதை வீட்டில் வறுப்பதாவது!

காப்பியை அரசாங்க வாரியத்துக்கே தரவேண்டும் என்ற கட்டு தளர்ந்ததும், சேலத்திலிருந்து ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்தார். பழுத்ததை மட்டும் பறித்து, அன்றைக்கே தோலை நீக்கி, கழுவிக் காயவைத்தால், கரடியூர்க் காப்பி என்று தனியாகவே வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றார். வேலை இரட்டிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தயங்கினார்கள். ஏழெட்டு வீடுகளை நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

"வாங்க மாட்டேன்னு போயிட்டாங்கன்னா என்னக்கா பண்றது?" என்றாள் கோடி வீட்டுக்காரி.

"எங்க ஊட்டு வாசல்ல வந்து என்னத் திட்டு போ" என்றேன். அந்த வருஷம் என் மானம் மொத்தமும் அந்த மூட்டைகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் போல இல்லை. பேச்சு குறைவு, பக்தி நிறைய. நான் களத்தில் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் சாயங்காலமானால் சாம்பிராணித் தட்டோடு வீட்டைச் சுற்றி வருவார். எங்கள் மலையில் விளைச்சல் வீட்டுக்கு வந்தால் அதற்குப் புகை காட்டுவது வழக்கம்தான், ஒரு சுற்று, அவ்வளவுதான். அந்த வருஷம் அவர் மூட்டைகளின் வாயைப் பிரித்துவைத்து, கதவைச் சாத்தி, அறை நிறையப் புகை போட்டார். தினமும்.

"ஏனுங்க, காப்பிக்குக் காய்ச்சலா என்ன, இத்தன பொகை?" என்று கேலி செய்தேன்.

"கடல் தாண்டிப் போவுது புள்ள. நொம்ப தூரம். சாமியும் கூடப் போவோணுமல்ல?" என்றார்.

கம்பெனிக்காரர் மறுபடி வந்தார். ஏற்பாடு செய்தவள் நான் என்பதால் என் வீட்டு மூட்டையிலிருந்தே மாதிரி எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நாங்கள் ஆவலாகக் காத்திருந்தோம். பதிலைச் சொல்ல வந்தவர் ஜீப்பிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"வேண்டாம்னுட்டாங்கம்மா. குடிச்சா சர்ச்சுக்குள்ள உக்காந்த மாதிரி வாசனை வருதாம். சின்ன விவசாயிங்க சரக்குன்னா இப்படித்தான்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு. இனிமே எஸ்டேட்டுல மட்டும்தான் வாங்குவோம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எங்கள் மூட்டை எந்தச் சர்ச்சுக்குப் போய் மண்டியிட்டது? ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க சார், எஸ்டேட்டுல ஒரு மூட்டை கெட்டா மொத்த எஸ்டேட்டையும் தள்ளிப்போடுவீங்களா? எங்களுக்கு மட்டும் ஊரோட சேத்து ஒரே தண்டனையா? வீட்டுக்கு வீடு எடுத்துப் பாருங்க. நானும் வர்றனுங்க." விடவில்லை. அவரும் வேறு வழியில்லாமல் எல்லா வீட்டிலும் ஒவ்வொரு பை எடுத்துக்கொண்டார்.

சேலத்தில் அவர்கள் சோதிக்கும் அறைக்குப் பஸ் ஏறிப் போனேன். நீள மேஜையில் வரிசையாகக் கிண்ணங்கள். பாலும் இல்லை, வெல்லமும் இல்லை. கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, அப்படியே துப்புகிறார்கள். எனக்கும் ஒரு கரண்டி கொடுங்கள் என்றேன். நாற்பதை எட்டப்போகிற வயதில், நான் வளர்த்த நல்ல கொட்டையின் ருசி அன்றைக்குத்தான் என் நாக்கில் பட்டது. லேசான புளிப்பு, பின்னால் ஒரு இனிப்பு. அடடா, இதையா இத்தனை வருஷம் பிறத்தியாருக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று ஆத்திரமே வந்துவிட்டது.

ஒவ்வொரு கிண்ணமாகப் போனேன். கடைசிக்கு முந்தின கிண்ணத்தில் குனிந்ததும் கரண்டியை வைத்துவிட்டேன். வாயில் வைக்கவே தேவையில்லை. சாயங்காலம், கதவு சாத்திய அறை, தட்டோடு நிற்கும் மனுஷன் எல்லாம் அந்த ஆவியிலேயே இருந்தது. சர்ச்சிலும் இதே மாதிரிப் புகைதான் போடுவார்களாம்.

"இது எங்க ஊடுங்க. இத மட்டும் எடுத்துடுங்க. மத்ததெல்லாம் சுத்தம்" என்றேன். சொல்லிக்கொண்டே அந்தக் கிண்ணத்தை நானே வரிசையிலிருந்து நகர்த்திவைத்தேன்.

மற்ற வீடுகளின் மாதிரிகள் கடல் தாண்டிப் போய், சரி என்று பதில் வந்தது. லாரி மலையேறி வந்த அன்றைக்கு ஊரே திருவிழாக் கோலம். கோடி வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கரடியூர் என்று அச்சடித்த சாக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. எங்கள் வீட்டுச் சாக்கு ஒன்றுகூட அதில் இல்லை. லாரி வளைவில் திரும்பும்வரை சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு, வீட்டுக்காரரை நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று உள்ளே போனேன்.

அவர் எங்கள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் சொன்னதை அதுவரை அவருக்கு நான் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன், கொட்டித் தீர்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப பொகை அங்க வரைக்கும் போயிருக்குதா, புள்ள?"

நான் ஒரு மூட்டையைப் பிரித்து, இரண்டு கைப்பிடி அள்ளி, உமி நீக்கி வறுத்தேன். பால் இல்லாமல், வெல்லம் இல்லாமல், ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். சாம்பிராணி மணத்தது. நன்றாகவே இருந்தது.

அடுத்த வருஷம் லாரி வந்தபோது சாம்பிராணித் தட்டை நானே பற்றவைத்து அவர் கையில் கொடுத்தேன். வாய் இறுகத் தைத்த மூட்டைகள் வீட்டுக்குள் இருக்க, அவர் லாரியின் முகத்துக்கு மூன்று சுற்றுப் புகை காட்டினார். முதலில் ஏறியவை எங்கள் வீட்டு மூட்டைகள்.