இரண்டு நாட்டுப் பைன் மரமும் எங்கள் தேயிலை ஸ்டோரும்

டீ மேக்கர் தாமஸ் ஊற்றிக் கொடுத்த டீயை எங்கள் எஸ்டேட் மேனேஜர் துரை ஒரு வாய் உறிஞ்சினார், அப்படியே துப்பினார்.

“என்னாண்ணே இது, தரை கழுவுற மருந்து வாடை அடிக்குது!”

தாமஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போட்ட டீயை அதுவரை யாரும் துப்பியதில்லை. பர்ச்சேஸ் கிராணியான, அதாவது கொள்முதல் எழுத்தரான நான் ஓரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கொள்முதல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். புதிய தேயிலை ஸ்டோரில் பெட்டிகளை அடுக்கும் ராக் அடிக்க எடை குறைந்த பைன் மரம் தேவைப்பட்டது. சப்ளையரிடம் நியூசிலாந்து மரமும் இருந்தது, சிலி மரமும் இருந்தது. துரை பதவிக்கு வந்து செய்யும் முதல் பெரிய கொள்முதல். செலவைக் குறைத்துக் காட்டுவதாகக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

“அக்கா, ரெண்டு நாட்டு இம்போர்ட் வேல்யூவையும் கம்பேர் பண்ணிக் குடுங்க. எது மலிவோ அத எடுத்துருவோம்லா” என்றார் என்னிடம்.

சுங்கக் கணக்கிலிருந்து ஒவ்வொரு நாட்டு மரத்தின் மொத்த இறக்குமதி மதிப்பையும் எடுத்து, வந்திறங்கிய கன மீட்டரால் வகுத்துக் கொடுத்தேன். ஒரு நாட்டு மரம் நன்றாகவே மலிவு. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. சப்ளையர் சொன்ன விலையிலும் அதே நாட்டு மரம்தான் மலிவு. துரைக்கு ஒரே குஷி. அந்த விலை வெள்ளிக்கிழமை வரைதான் நிற்கும்.

வியாழக்கிழமை காலைதான் துரை துப்பிய அந்த டீ நாறியது. முந்தின நாள் லோரிக்கார மணி, சப்ளையர் கொடுத்த இரண்டு நாட்டு மாதிரிப் பலகைகளையும் மழையில் நனையவிட்டுக் கொண்டுவந்திருந்தான். எங்கள் எஸ்டேட்டில் எது நனைந்தாலும் தேயிலை காயவைக்கும் ட்ரையர் பக்கம் சாத்திவிடுவது வழக்கம். அவனும் சாத்திவிட்டான். பக்கத்திலேயே தேயிலை ஆறிக்கொண்டிருந்தது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

“ஒரு ராத்திரிக்கே இப்படின்னா, ஸ்டோர் பூரா ராக் அடிச்சா என்னா ஆவும் துரை? பொட்டி பொட்டியா திரும்பி வரும்!” என்றார் தாமஸ்.

நாறியது எந்தப் பலகை? தாமஸ் இரண்டிலும் துண்டு வெட்டி, நல்ல தேயிலையோடு தனித்தனி டின்னில் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமை காலை இரண்டு கப் டீ மேசைக்கு வந்தது. மலிவு மரமே ஜெயிக்கட்டும் என்று துரை வேண்டிக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. ஒரு கப்பில் டீ. மலிவு மரத்தின் கப்பில் அதே தரை மருந்து.

சப்ளையரைக் கேட்டேன். மலிவானது சூளையில் காயவைக்காத, பிசின் வற்றாத பேக்கிங் மரம். மற்றது காயவைத்து இழைத்தது. அந்தந்த நாட்டிலிருந்து அதிகம் வந்ததும் அந்தந்த ரகம்தான். தோசை மாவு விலையையும் தோசை விலையையும் பக்கத்தில் வைத்து, மாவு மலிவு என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். ஆகவே பிள்ளைகளே, எந்த நாட்டு மதிப்பு குறைவு என்று பார்க்குமுன், அந்த மதிப்புக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று கேளுங்கள்.

துரை தயங்கித் தயங்கித் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“சார், ரெண்டு நாட்டு மரத்தையும் கம்பேர் பண்ணிட்டோம். வெல கூடுனதத்தான் எடுக்கணும்.”

“எத வச்சு சொல்றீங்க?”

“குடிச்சுப் பாத்தோம் சார்.”

துரை நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். தலைமை அலுவலகத்துப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தது எங்களுக்கே கேட்டது.

“சரி, எடுங்க. அந்த மலிவு மரத்து டீத்தூள் மிச்சமிருந்தா அனுப்புங்க. எப்பப் பாத்தாலும் மலிவு மலிவுங்கிற எங்க பைனான்ஸ் மேனேஜருக்கு ஒரு கப் போட்டுக் குடுக்கணும்.”