நந்தி மலை ஏறிய டீசல் கார்

பெங்களூரு அடுகோடியில் எங்கள் கீழ்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி. தன் பழைய டீசல் காரைக் கிளப்பினால், என்ஜின் சூடாகும்வரை பானெட்டில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். "இதை வித்துட்டு பெட்ரோல் கார் வாங்குக்கா" என்று அவர் தம்பி நச்சரித்துக்கொண்டே இருப்பான். அவனுடையது புது பெட்ரோல் கார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களிலும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு எல்லோரும் நந்தி மலைக்குக் கிளம்பினோம். நான் அக்கா காரில் ஏறினேன்.

"மலை ஏறறதுலயும் மைலேஜ்லயும் இன்னைக்கு உன் கார்கிட்ட தோத்தா, இதை வித்துடறேன்டா" என்றார் அக்கா.

ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலிலும் தம்பிதான் முந்தினான். ஆனால் மலை வளைவுகளில், ஐந்து பேரைச் சுமந்த அவன் கார் ஏசியை அணைத்தும் திணறியது. நாங்களும் ஐந்து பேர்தான். அக்கா அலட்டிக்கொள்ளாமல் அவனைத் தாண்டிப் போனார். பின்சீட்டில் ஒரே கைதட்டல்!

திரும்பி வந்து அதே பங்க்கில் மறுபடி நிரப்பினோம். தம்பி காரைவிட அக்கா கார் குறைவாகவே குடித்திருந்தது.

"சக்கத் வண்டிக்கா! விக்கவே விக்காதே" என்று தம்பி கன்னடத்தில் மெச்சிக் கும்பிடு போட்டான்.

அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "அது சரி, நாளைக்கு ஆபீஸ் போக உன் காரைக் குடுடா. டிராஃபிக்ல அதான் சுகம்" என்றார்.

ஜெயித்த கையோடு தோற்ற காரைக் கேட்டு வாங்கிய ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.